பதினொரு வரி நன்றி

மார்ச் 4

சின்னவனுக்கு,

நான் நலம். உன் மாமாவும் நலம். நீ நலமா என்று கேட்பதுதான் முறை, அதனால் கேட்டு வைக்கிறேன்.

உன் நம்பரை நேற்று என் போனில் பிளாக் செய்துவிட்டேன். பேச வேண்டுமென்றால் எழுது. பேச்சில் நீ எமகாதகன், வழுக்கிக்கொண்டு ஓடிவிடுவாய். எழுத்தில் மாட்டிக்கொள்வாய்.

போன மாதம் நீ புத்தகம் போட்டிருப்பதாக லிங்க் அனுப்பினாய். பதினாலு வருஷம் ஊரார் புத்தகத்தைக் கணினியிலும் போனிலும் விற்றுக் கொடுத்தவன், இப்போது தானே ஒன்று எழுதியிருக்கிறான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு எழுத்துக்கூடப் படிக்காமல் அந்த லிங்க்கை எங்கள் நர்சிங் ஹோமில் எல்லோருக்கும் தட்டிவிட்டேன். "என் தம்பி எழுதினது. முதல் பத்தொன்பது பக்கம் இலவசம், படிங்க" என்று மேட்ரனுக்கும் அனுப்பினேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதாம். அந்த யானை நான்தான்.

நேற்று மேட்ரன் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். போனை என் பக்கம் திருப்பினார். இலவசப் பக்கங்களின் கடைசி வரி இது: "அப்பாவின் ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கழற்றியது அக்கா. நர்ஸான என் அக்கா." அதற்குக் கீழே ஒரு பச்சைப் பட்டன். மேலே படிக்க வாங்குங்கள் என்று.

"இது உண்மையாம்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. எதற்குத் திறக்கவில்லை என்று உனக்குத் தெரியும்.

பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

பெரியவள்

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

உன் கடிதம் கண்டேன். நீ இவ்வளவு கோபப்படுவாய் என்று நினைக்கவில்லை. தொழிலைப் பற்றித் தெரியாததால் வந்த கோபம் என்று எடுத்துக்கொள்கிறேன். மின்புத்தகத்தை யாரும் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க முடியாதே, அதனால் முதல் பத்து சதவீதத்தை இலவசமாகக் காட்டுகிறோம். என் புத்தகம் நூற்றுத் தொண்ணூறு பக்கம். பத்தொன்பது பக்கம் முடிந்ததும் மெஷின் வெட்டிவிடும். வரியையா பார்க்கும், வாக்கியத்தையா பார்க்கும்? அதற்குக் கண்ணா இருக்கிறது? உன்னைப் பற்றி வரும் இடத்தில் விழுந்தது தற்செயல்.

நீ முழுதும் படித்திருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டாய். அடுத்த பக்கத்தைப் படி, அது போதும். முன்பக்கத்தில் உனக்குத்தான் நன்றி சொல்லியிருக்கிறேன், பதினொரு வரி. ஆசிரியர்கள் பெண்டாட்டிக்கே இரண்டு வரிக்கு மேல் சொல்வதில்லை.

எங்கள் பட்டியலில் புத்தகம் மூன்றாம் இடத்தில் இருக்கிறது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

மார்ச் 22

சின்னவனுக்கு,

முட்டிவலி இருக்கிறது. நீ கேட்டதால் குறையவில்லை.

என்னைச் சந்தி சிரிக்க வைத்த புத்தகத்தை நானே காசு கொடுத்து வாங்கிப் படிக்க வேண்டுமா? சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள் என்கிறாய். மாட்டேன். அடுத்த பக்கத்தில் நீ என்னத்தை எழுதியிருந்தாலும் எனக்கு வேண்டாம்.

இங்கே யார் வாங்கினார்கள் என்று நினைக்கிறாய்? ஒருத்தரும் இல்லை. எல்லோரும் இலவசத்தைப் படித்தார்கள், அதோடு சரி. படித்தவர்கள் போனுக்கெல்லாம் உன் கம்பெனி நாள் தவறாமல் மெயில் அனுப்புகிறது. "பாதியில் விட்டுவிட்டீர்களே! மாஸ்க்கைக் கழற்றிய அக்காவுக்கு என்ன ஆயிற்று?" என்னாயிற்று என்று நான் சொல்கிறேன், எழுதிக்கொள். ஆறாம் நம்பர் அறையில் ஒரு பெரியவருக்கு மூச்சுத் திணறல். இரண்டு மாதமாக நான்தான் பார்க்கிறேன். நேற்று அவர் மகள் என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போய், "தப்பா நினைக்காதீங்க சிஸ்டர், அப்பாவுக்கு வேற யாரையாவது போடச் சொல்லியிருக்கேன்" என்றாள். தப்பாக நினைக்கக் கூடாதாம்! முப்பது வருஷ சர்வீஸ்டா எனக்கு.

மேட்ரனுக்கு ஒரே ஒரு கடிதம் எழுது. அன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுது. உன்னிடம் நான் கேட்பது அவ்வளவுதான்.

மாமா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லவில்லை.

பெரியவள்

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உடனே பதில் எழுத முடியவில்லை. விலைக்குறைப்பு வாரம், அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை. மூன்று நாள் பாதி விலை என்று போட்டு, திரையில் மணி நிமிடம் விநாடி ஓடவிடுவோம். நாலாம் நாளும் அதே விலைதான் இருக்கும், அது வேறு விஷயம். ஆனால் கடிகாரம் ஓடினால் கை தானாகப் பட்டனுக்குப் போகும்.

நீ கேட்ட கடிதத்தைப் பற்றி முதலாளியிடம் பேசினேன். கம்பெனி வக்கீல் வேண்டாம் என்கிறாராம். புத்தகத்தின் உள்ளே 'சில சம்பவங்கள் கற்பனை' என்று ஒரு வரி போட்டிருக்கிறோம். நான் கடிதம் எழுதிக் கொடுத்தால் அந்த வரி செல்லாது. கம்பெனிக்குச் சிக்கல், எனக்கும் சிக்கல்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நான் பொய் எழுதியிருக்கிறேனா? மாஸ்க்கைக் கழற்றியது நீதானே? நான் அந்த வீட்டில்கூட இல்லை.

கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். ஊர் ஒரு விஷயத்தை எத்தனை நாள் பேசும்? வேறு ஒன்று கிடைத்ததும் போய்விடுவார்கள்.

உன் தம்பி

மே 9

சின்னவனுக்கு,

நலம் விசாரிப்பதை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன்.

"நான் அந்த வீட்டில்கூட இல்லை." இதை எழுத உனக்குக் கை கூசவில்லையா? ஆமாம், நீ இல்லை. அதுதானே கதையே. ஒன்பது வருஷமாக நான் காகிதத்தில் எழுதாததை இப்போது எழுதுகிறேன், வாங்கிக்கொள்.

அப்பாவுக்கு மாஸ்க் போட்டுப் பதினோராவது நாள் மத்தியானம். மூன்று மணி இருக்கும். டாக்டர் காலையிலேயே வந்து பார்த்துவிட்டு, "இனிமே உங்க இஷ்டம்மா, இதனால அவர் பிழைக்கப் போறதில்ல, இழுத்துக்கிட்டுக் கிடப்பார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் உனக்குப் போன் செய்தேன். நீ புத்தகக் கண்காட்சியில் இருந்தாய், பின்னால் மைக் சத்தம். புறப்பட்டு வாடா என்றேன். ரெண்டு நாள் ஆகும் என்றாய். அப்பா மூச்சு இழுக்கும் சத்தத்தைக் கேட்கிறாயா என்று போனை அவர் பக்கத்தில் வைத்தேன். நீ அழுதாய். "போதும் அக்கா. என்னால கேட்க முடியல. கழட்டிடு. நான் சொல்றேன், கழட்டிடு" என்றாய்.

கழற்றினேன். அதற்குப் பிறகு அப்பா நாற்பது நிமிஷம் இருந்தார். அந்த நாற்பது நிமிஷம் எனக்கும் அவருக்கும். நீ மறுநாள் வந்தாய். வாசலில் என் கையைப் பிடித்து, "நான் சொன்னேன்னு யாருக்கும் தெரிய வேண்டாம்க்கா" என்றாய். சரி என்றேன். மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. நீ என்னவென்றால் ஊருக்கு டமாரம் அடித்து, உன்னை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டாய்.

என்னை வார்டிலிருந்து தூக்கித் துணி அறையில் போட்டிருக்கிறார்கள். படுக்கை விரிப்பு மடிக்கிறேன். ஜூலை பத்தாம் தேதி விசாரணை. வேலை போனாலும் போகும்.

பெரியவள்

மே 20

அக்காவுக்கு,

நான் நலமில்லை.

நீ என்னைப் பற்றி இவ்வளவு கேவலமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. என்னைக் கத்தரித்து எடுத்தேனா? படிக்காமலே தீர்ப்பா? இருபதாம் பக்கத்தை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். காசு கொடுக்க வேண்டாம், சும்மா படி. முதல் பத்து வரி போதும். அந்தப் போன், அந்த மைக் சத்தம், நான் அழுதது, எல்லாம் இருக்கிறது. பத்தாவது வரி: "கழற்றச் சொன்னவன் நான்."

ஒன்பது வருஷம் மென்று முழுங்கியதை, புத்தகம் வாங்கிய நாலாயிரம் பேர் முன்னால் வாந்தி எடுத்திருக்கிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். உன்னைக் காப்பாற்றத்தான் இந்தப் புத்தகமே. ஒரு பக்கம் புரட்ட உனக்கு மனசு வரவில்லை. இதில் தப்பு யார் மேல்?

அந்தப் பக்கத்தை மேட்ரனிடம் காட்டிக்கொள்.

உன் தம்பி

ஜூன் 1

சின்னவனுக்கு,

படித்தேன். இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை படிக்கும்போது கண் கலங்கியது, மறைக்கவில்லை. உடனே கோபமும் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

அந்தத் தாளை மேட்ரனிடம் கொண்டுபோனேன். "இது யார் வேணா அடிச்சுக் கொண்டு வரலாமேம்மா. நாங்க லிங்க்ல இருக்கிறதைத்தான் பார்ப்போம்" என்றார். காசு போட்டு வாங்கிப் பாருங்களேன் என்றேன். விசாரணைக்கு நாங்க ஏன் செலவு பண்ணணும் என்கிறார். அவரும் என்னை மாதிரிதான்.

உன் மாமா கணக்கு வாத்தியார் இல்லையா, சும்மா இருக்க மாட்டார். தன் போனிலேயே உன் புத்தகத்தை வாங்கினார். போன வருஷம் நீ படிக்கச் சொல்லி அனுப்பி, நான் படிக்காமல் அலமாரியில் போட்ட கையெழுத்துப் படியையும் எடுத்து வைத்துக்கொண்டார். இரண்டையும் பக்கத்தில் பரப்பி இரண்டு நாள் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "இங்க பாரு, பழைய படியில உனக்கு நன்றியே இல்ல. அப்புறமாச் சேர்த்திருக்கான். முன்னால பதினொரு வரி சேர்த்தா, பத்து சதவீதக் கணக்குல இலவசமும் ஒரு வரி நீளும், மீதிப் பத்து வரி வெட்டுக்கு அந்தப் பக்கம் போகும். சரியாப் பத்து" என்றார்.

வெட்டுவது மெஷின். ஒத்துக்கொள்கிறேன். நன்றியை வைத்தது யார்?

என் தலையில் பழியைப் போடும் வரி இலவசம். உன் தலையில் போடும் வரிக்கு விலை. இடையில் என் பேரிலேயே ஒரு நன்றியை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாய். இது உண்மையா இல்லையா? ஒரே வார்த்தையில் பதில் போடு. நீ வளவளவென்று எழுதினால் கிழித்துவிடுவேன்.

பெரியவள்

ஜூன் 25

அக்காவுக்கு,

உண்மை.

கிழித்துவிடாதே, இன்னும் கொஞ்சம் படி. எங்கள் ஆபீஸில் ஒரு நீள மேசை, சுவரில் பெரிய திரை. எந்தப் புத்தகமும் கடைக்குப் போகும் முன் ஐந்து பேர் உட்கார்ந்து இலவசப் பக்கம் எங்கே முடிகிறது என்று பார்ப்போம். அந்த இடத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கொக்கி. மீன் மாட்டினால்தான் பட்டனை அழுத்தும். பிறர் புத்தகத்துக்கு நானே எத்தனை தடவை முன்னுரையை நீட்டியிருக்கிறேன், வெற்றுத் தாள் சேர்த்திருக்கிறேன். கணக்கே இல்லை.

என் புத்தகம் அந்த மேசைக்கு வந்த அன்று வெட்டு, "கழற்றச் சொன்னவன் நான்" என்பதன் மேல் விழுந்தது. முதலாளி உதட்டைப் பிதுக்கினார். "எல்லாத்தையும் ஓசியிலயே சொல்லிட்டா எவன் வாங்குவான்? கொஞ்சம் முன்னாடி நிறுத்தேன்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். உனக்கு நன்றி எழுதினேன். ஒரு வரி சேர்ப்பேன், திரையைப் பார்ப்பேன், இன்னொரு வரி சேர்ப்பேன். எட்டாவது வரிக்குமேல் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. நீ எனக்குத் தலை வாரிவிட்டது, பரீட்சைக்குப் பேனா வாங்கிக் கொடுத்தது என்று இழுத்தேன். பதினோராவது வரியில் வெட்டு சரியான இடத்துக்கு வந்தது. பக்கத்தில் இருந்தவன் கை தட்டினான்.

அதில் எழுதியதெல்லாம் நிஜம்தான் அக்கா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விசாரணைக்கு நான் வரட்டுமா? நேரில் வந்து சொல்கிறேன். லீவு கிடைக்குமா என்று பார்க்க வேண்டும்.

உன் தம்பி

ஜூலை 1

சின்னவனுக்கு,

வராதே. அப்பா மூச்சுக்குத் திணறும்போது இரண்டு நாள் ஆகும் என்றவன் நீ. லீவு கிடைத்து, ரயில் கிடைத்து, நீ வந்து சேர்வதற்குள் என் காரியம் முடிந்திருக்கும்.

ஒன்று செய். அந்த நன்றியை எடுத்துவிடு. பதினொரு வரியையும் எடு. தலை வாரிவிட்டதையும் எடு, பேனாவையும் எடு. எனக்குச் சொன்ன நன்றி போனால் உண்மை தானாக முன்னால் வந்து நிற்கும் என்கிறார் மாமா. அவர் கணக்கு தப்பாது.

பத்தாம் தேதி காலை பத்து மணிக்கு மேட்ரன், பெரிய டாக்டர், மேனேஜர் மூன்று பேரும் உட்கார்ந்து அந்த லிங்க்கைத் திறப்பார்கள். இலவசம் எவ்வளவோ அவ்வளவுதான் படிப்பார்கள். அதற்குள் எடு. முதலாளியைக் கேட்டால் விடமாட்டார். கேட்காமல் எடு.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். செய்தால் எனக்கே தெரியும்.

பெரியவள்

ஜூலை 12

சின்னவனுக்கு,

நலம். மாமாவும் நலம்.

மேட்ரன் சத்தமாகப் படித்தார். நான் முன்பக்கத்தையே கவனித்துக்கொண்டிருந்தேன். தலைப்பு வந்தது, உன் பெயர் வந்தது, நேரே முதல் அத்தியாயம். நன்றி இல்லை. அப்போதே நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். பத்தொன்பது பக்கத்தையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். டாக்டர் என்ன சொல்லிவிட்டுப் போனார், போனில் நீ என்ன சொன்னாய், எல்லாம் வந்தது. "கழற்றச் சொன்னவன் நான்" என்பதோடு இலவசம் முடிந்தது. பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதுல விசாரிக்க என்ன இருக்கு? குடும்பம் முடிவு பண்ணியிருக்கு, டாக்டரும் சொல்லியிருக்கார்" என்றார். மேனேஜர் ஏதோ முணுமுணுத்தார். திங்கட்கிழமையிலிருந்து எனக்கு மறுபடி வார்டு.

ஆறாம் நம்பர் பெரியவர் போன வாரம் போய்விட்டார். அவருக்குக் கடைசியில் நான் பக்கத்தில் இல்லை. அதற்கு உன்னை மன்னிக்கிற எண்ணம் இப்போதைக்கு இல்லை.

பெரியவள்

ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

முதலாளியைக் கேட்காமல் எடுத்ததற்கு வேலையை விட்டுத் தூக்குவார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் கூப்பிட்டார். என் தோளில் தட்டினார். "மடையா, இந்தக் கொக்கியை முதல்லயே போட்டிருக்கலாமே" என்றார். விற்பனை இரண்டு மடங்கு. இப்போது மெயில் எப்படிப் போகிறது தெரியுமா? "அப்பாவைக் கொல்லச் சொன்ன மகன்! அடுத்த பக்கத்தில் என்ன?" அடுத்த பக்கத்தில் நான் ரயில் ஏறுகிறேன், அவ்வளவுதான். அதை வாங்கிப் படிக்கிறவர்கள் ஏமாந்துபோய் என்னைத் திட்டி எழுதுகிறார்கள்.

எங்கள் குடியிருப்பில் லிஃப்டில் நான் ஏறினால் பேச்சு நின்றுவிடுகிறது. என் பெண்டாட்டி என்னோடு சரியாகப் பேசி இரண்டு வாரம் ஆகிறது. "இதை எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று ஒரே கேள்வி. மெயிலை நிறுத்தச் சொன்னேன். நிறுத்த மாட்டேன் என்கிறார்கள். நான் சொன்னால் இப்போது யாரும் எதையும் நிறுத்துவதில்லை.

ஒன்று கேட்கிறேன். இதை ஒன்பது வருஷமாகக் கேட்கப் பயந்தேன். கழற்றிய பிறகு நாற்பது நிமிஷம் அப்பா இருந்தார் என்று எழுதியிருந்தாய். பதினோரு நாள் மாஸ்க்குக்குள் பேச முடியாமல் கிடந்தவர். அப்போது பேசினாரா? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? நான் சொல்லித்தான் கழற்றினாய் என்று அவருக்குத் தெரியுமா?

எதுவாக இருந்தாலும் சொல்லிவிடு.

சின்னவன்

ஆகஸ்ட் 27

சின்னவனுக்கு,

நலம். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. உன் பெண்டாட்டியிடம் சண்டைக்கு நிற்காதே. அவள் கேட்பது நியாயம்.

நீ பட்டால்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். பட்டுவிட்டாய். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இல்லை. ஆனால் ஐயோ பாவம் என்று சொல்ல மாட்டேன். அது உன் கம்பெனிக்குத் தெரிந்தால் அதையும் மெயிலில் போடுவார்கள்.

கேட்டாயே, சொல்கிறேன். அப்பா பேசினார். மாஸ்க்கை எடுத்ததும் முதலில் தண்ணீர் கேட்டார். பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன். போன் இன்னும் என் கையில்தான் இருந்தது. அதைப் பார்த்தார். "சின்னவனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நீ என்ன சொன்னாய் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.  பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னிடம் சொல்லச் சொல்லி ஒன்று சொன்னார். மறுநாள் வாசலில் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் நீ, யாருக்கும் தெரிய வேண்டாம் என்று ஆரம்பித்துவிட்டாய். அவர் சொன்னது இதுதான்:

இலவசம் இத்தோடு முடிந்தது. அடுத்த வரி எந்தப் புத்தகத்திலும் இல்லை, எந்தப் பட்டனை அழுத்தினாலும் வராது. வேண்டுமென்றால் புறப்பட்டு வா. இரண்டு நாள் ஆகும் என்று சொல்லாதே.

பெரியவள்